அந்தும் விட்டிலும்: டர்பன் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வர்த் பகுதியில் பல வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். கோயில் சமையற்கட்டிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வாசலிலும் என்னை நிறுத்திக் கேட்கிற கேள்விகளில் பாதி பூச்சியைப் பற்றித்தான் இருக்கும். அதிலும் ராத்திரியில் விளக்கைச் சுற்றுகிற, மாவு டப்பாவிலிருந்து பறக்கிற அந்தக் குட்டிப் பூச்சிகளைப் பற்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே இருக்கின்றன.

டீச்சர், அந்து வேறு, விட்டில் வேறா?

பேச்சு வழக்கில் அரிசி, மாவு, துணி ஆகியவற்றில் உண்டாவதை அந்து என்கிறோம். விளக்கில் வந்து விழுவதை விட்டில் என்கிறோம். சில ஊர்களில் வெட்டுக்கிளிக்கும் விட்டில் என்று பெயர் உண்டு. பூச்சியியல் கணக்கில் அந்தும் விளக்கு விட்டிலும் பட்டாம்பூச்சியும் ஒரே வரிசை, இறக்கையில் செதில் உள்ளவை. பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தீக்குச்சித் தலை மாதிரி குண்டாக இருக்கும். அந்துக்கு நூல் மாதிரியோ சீப்பு மாதிரியோ இருக்கும். பட்டாம்பூச்சி உட்கார்ந்தால் பெரும்பாலும் இறக்கையை மேலே சேர்த்து நிமிர்த்தும். அந்து கூரை வேய்ந்த மாதிரி உடம்பின் மேல் மடித்துக்கொள்ளும். இவ்வளவு தெரிந்தால் போதும். எண்ணிக்கையில் பட்டாம்பூச்சிகள் சிறுபான்மை. இந்த வரிசையில் பத்தில் ஒன்பது இனங்கள் அந்து வகைதான்.

மூடித்தானே வைத்திருந்தேன், மாவுக்குள் எப்படி வந்தது?

இது எனக்கே நடந்தது. ஆடி மாதத்துக் கூழுக்காக பத்துக் கிலோ மீலி மீல், அதாவது சோளமாவு மூட்டை வாங்கி வந்தேன். கடை பெயர் வேண்டாம், அவர்கள் மேல் முழுத் தப்பும் இல்லை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் மூட்டையைப் பிரித்துக் கையை விட்டால், மாவு கையோடு கட்டியாகத் தூக்கிக்கொண்டு வந்தது. ஈரம் என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மாவுத் துகள்களை எல்லாம் மெல்லிய நூல் கோத்துப் பிடித்திருந்தது. நடுவில் ஒரு புழு, அரிசியைவிடக் கொஞ்சம் நீளம், தலை மட்டும் பழுப்பு, சாவகாசமாக நெளிந்தது.

வரும் வழி இரண்டு. ஒன்று, ஆலையிலோ கிடங்கிலோ கடை அலமாரியிலோ முன்பே முட்டை வைக்கப்பட்டிருக்கும். இரண்டு, உங்கள் வீட்டில் ஏற்கெனவே பறந்துகொண்டிருக்கும் தாய் வைப்பது. அதற்கு டப்பாவுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. பையின் மடிப்பிலோ தையல் ஓரத்திலோ முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். முட்டை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. பொரித்த புழு ஊசித் துளையில் புகுந்துவிடும். கொஞ்சம் வளர்ந்தது மெல்லிய பிளாஸ்டிக்கையே கடித்துத் துளை போடும். நாம் மூடினோம் என்று சொல்வது பெரும்பாலும் பையின் வாயைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டதைத்தான்.

முட்டையிலிருந்து பூச்சியாக எத்தனை நாள் ஆகும்?

ஒரே பதில் சொல்ல முடியாது, சூடுதான் தீர்மானிக்கும். நல்ல வெக்கையில், 30 டிகிரிக்கு அருகில், ஒரு சுற்று நான்கு வாரத்தில் முடிந்துவிடும். குளிரில் மாதக்கணக்கில் இழுக்கும். பகல் குறுகிக் குளிரும் சேர்ந்தால் சில புழுக்கள் வளர்ச்சியை நிறுத்திவிட்டு அப்படியே உறங்கும். டர்பனின் குளிர்காலம் பெரிய குளிரல்ல, ஆனாலும் அதன் வேகத்தைக் குறைக்கப் போதும்.

அந்த ஆடிக் கூழ் மாவிலிருந்து ஆறு புழுக்களை ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு, வாயில் மெல்லிய துணி கட்டி, சமையலறை ஜன்னலோரம் வைத்தேன். மகன் முகத்தைச் சுளித்தான். ஒரு வாரம் தின்பதைத் தவிர வேறு வேலை பார்க்கவில்லை. இது பலமுறை சட்டை உரித்து வளரும். பாட்டிலின் அடியில் கடுகைவிடச் சின்னதான பழுப்புத் தலை ஓடுகள் கிடந்தன, அவை உரித்துப் போட்ட பழைய முகங்கள். ஆகஸ்ட் கடைசியில் திடீரென்று தீனியை விட்டுவிட்டு மேலே ஏற ஆரம்பித்தன. பின்னால் நூல் விட்டுக்கொண்டே கண்ணாடியில் ஏறின. வயிறு நிரம்பிய புழுவுக்கு மாவு வேண்டாம், ஒதுக்குப்புறமான மூலை ஒன்று வேண்டும். உங்கள் வீட்டில் கூரை ஓரத்தில் புழு ஊர்ந்தால், அது மேலே பிறந்ததில்லை. கீழே அலமாரியில் தின்று முடித்துவிட்டு வந்தது. கூரையைத் துடைத்துவிட்டு மாவை அப்படியே விடுகிறவர்கள்தான் அதிகம்.

நான்கு புழுக்கள் துணிக்கும் பாட்டில் விளிம்புக்கும் நடுவில் வெள்ளைக் கூடு கட்டின. உள்ளே கூட்டுப்புழு முதலில் வெளிர்மஞ்சள், பிறகு தேன் நிறம், கடைசி நாட்களில் கண் இருக்கும் இடம் கறுத்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் முதல் பூச்சி வெளியே வந்தது. இறக்கைகள் பிழிந்த கைக்குட்டை மாதிரி கசங்கிக் கிடந்தன. கண்ணாடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே உடம்பு நீரை நரம்புகளில் ஏற்றி விரித்தது. நான் டீ போட்டுக் குடித்து முடிப்பதற்குள் முழு இறக்கை. முன்பக்கம் மங்கிய சாம்பல், பின்பக்கம் செம்பு நிறம். அந்த இரண்டு நிறம்தான் இதன் அடையாளம். இறக்கை விரித்தால் இரண்டு சென்டிமீட்டருக்குள் அடங்கும்.

அன்று இரவோ மறுநாளோ பெண்பூச்சி வயிற்று நுனியை இறக்கைகளுக்கு நடுவே மேலே தூக்கி அசையாமல் உட்கார்ந்திருந்தது. அது மணம் விட்டு ஆணைக் கூப்பிடும் நேரம். ஆண் இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு நடந்தே வந்தது. நூறிலிருந்து நானூறு வரை முட்டை வைக்கும். என் பாட்டிலில் எண்ணவில்லை, கண்ணாடியும் பூதக்கண்ணாடியும் ஒத்துழைக்கவில்லை. அடுத்த தலைமுறைப் பூச்சி பறந்தபோது கார்த்திகை பிறந்துவிட்டது.

பறக்கிற அந்தப் பூச்சி என்ன தின்னும்?

இந்த மாவு அந்து எதையும் தின்னாது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒரு வாரம், இரண்டு வாரம் ஓட்டிவிட்டுச் சாகும். கையால் தட்டிக் கொல்கிறீர்களே, அது உங்கள் மாவில் ஒரு துகளையும் தொடாது. தின்றதெல்லாம் புழு. எல்லா அந்தும் இப்படி இல்லை, தோட்டத்தில் பூத்தேன் குடிக்கிறவை நிறைய உண்டு.

இதற்கு ‘இந்திய’ என்று பெயராமே? நாம்தான் கொண்டுவந்தோமா?

ஒரு பெரியவர் இதைக் கேட்டபோது குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. இந்த ஊரில் ‘இந்தியன்’ என்ற சொல்லை எத்தனை படிவங்களில் நிரப்பியிருப்பார்! ஐயா, இந்தப் பழி நமக்கு இல்லை. ஆங்கிலத்தில் இதை ‘இண்டியன் மீல் மாத்’ என்கிறார்கள். பெயர் வைத்தவர் அமெரிக்கர், ஆசா ஃபிட்ச் என்ற நியூயார்க் பூச்சியியலாளர், 1850களில். அந்தக் காலத்தில் அங்கே சோளமாவுக்கு ‘இண்டியன் மீல்’ என்று பெயர், அமெரிக்கப் பழங்குடியினரை வைத்து வந்தது. சோளமாவைத் தின்கிற அந்து, அவ்வளவுதான். அதாவது ‘மீலி மீல் அந்து’ என்று நாம் சொன்னால் சரியான மொழிபெயர்ப்பு.

புழு விழுந்த மாவில் ரொட்டி சுட்டுச் சாப்பிட்டுவிட்டோம்!

ஒன்றும் ஆகாது. விஷம் கிடையாது. ஆனால் நூலும் கழிவும் கலந்த மாவு நாறும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது. தூக்கிப் போடுங்கள். கோழி வளர்க்கிறவர் பக்கத்தில் இருந்தால் அவருக்கு விருந்து.

எப்படித்தான் ஒழிப்பது?

முதலில் மூலத்தைக் கண்டுபிடியுங்கள். அது மாவாக இருக்க வேண்டும் என்றில்லை. முந்திரி, திராட்சை, பருப்பு, நாய்த் தீனி, கிளிக்குப் போடும் விதை, போன தீபாவளிக்கு வாங்கிய கடலை மாவின் மிச்சம் என்று எதிலும் இருக்கும். ஒரு வீட்டில் மூன்று மாதம் தேடிக் கடைசியில் கொலுப் பொம்மைப் பெட்டியில் சிந்திக் கிடந்த சுண்டல் கடலையில் கண்டுபிடித்தோம். துகள்கள் நூலில் கோத்துத் தொங்கினால் அதுதான் இடம்.

நல்லதாகத் தெரிகிற பொருட்களை ஃப்ரீஸரில் ஒரு வாரம் வையுங்கள், முட்டையும் சாகும். ஓவன் அடுப்பில் 60 டிகிரியில் ஒரு மணி நேரமும் வைக்கலாம். நம் வீடுகளில் ரவையை வாங்கியதும் வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்து டப்பாவில் போடுவார்களே, அது ருசிக்காக மட்டும் வந்த பழக்கம் இல்லை. அலமாரியின் திருகாணித் துளை, தட்டின் அடிப்பக்கம், டப்பா மூடியின் மரை ஆகிய இடங்களைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வாக்குவம் போடுங்கள். கூடு அங்கேதான் இருக்கும். பிறகு எல்லாம் கண்ணாடி அல்லது இறுக்கமான எவர்சில்வர் டப்பா.

காய்ந்த மிளகாய் போட்டால் வராது என்று பலர் சொல்கிறார்கள். காய்ந்த மிளகாயையே தின்கிற புழு இது. மருந்து அடிக்கும் டப்பாவை உணவு அலமாரிக்குள் திருப்பவே வேண்டாம்.

ஒரு குட்டிக் குளவி மாவு அலமாரியில் சுற்றுவதைப் பார்த்தால் கொல்லாதீர்கள். ஹாப்ரோபிராக்கன் என்ற வகை அந்துப் புழுவைக் கொட்டி மயக்கி அதன் மேல் முட்டையிடும். நமக்காக அது வரவில்லை, ஆனாலும் வேலை நமக்கு ஆகிறது.

கடையில் விற்கும் பசை அட்டை வேலை செய்யுமா?

பெண்பூச்சியின் மணத்தைச் செயற்கையாகத் தடவியது அது. அதனால் ஆண் மட்டுமே ஒட்டும். ஏற்கெனவே கூடிய பெண் கவலையில்லாமல் முட்டை வைத்துக்கொண்டிருக்கும். வீட்டில் அந்து இருக்கிறதா, குறைகிறதா என்று தெரிந்துகொள்ள நல்ல கருவி. ஒழிக்கும் கருவி என்று நம்பி உட்கார்ந்திருந்தால் ஏமாற்றம்தான்.

சுவரில் பூசணி விதை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டு நகர்கிறதே, அது என்ன?

எனக்குப் பிடித்த கேள்வி இது. ஒரு சென்டிமீட்டர் நீளம், நடுவில் கொஞ்சம் அகலம், சிமென்ட் நிறம். தொட்டால் செத்தது போல் இருக்கும். ஐந்து நிமிடம் பொறுமையாகப் பாருங்கள். ஒரு முனை திறந்து பழுப்புத் தலை வெளியே வரும், மூன்று ஜோடிக் கால் சுவரைப் பற்றும், வீட்டை இழுத்துக்கொண்டு ஓர் அடி வைக்கும். துணி அந்துக் குடும்பத்துப் புழு இது. பட்டுநூலில் மணலும் சுண்ணாம்புத் தூளும் பஞ்சும் சேர்த்துத் தானே தைத்த உறை. இரண்டு முனையும் வாசல்தான். நீங்கள் முன்பக்கம் விரல் வைத்தால் உள்ளேயே திரும்பி மறுபக்கம் தலையை நீட்டும். உதிர்ந்த முடி, பழைய சிலந்தி வலை, கம்பளிப் பஞ்சு ஆகியவைதான் தீனி. ஈரப்பதம் பிடிக்கும், அதனால் கடலோர டர்பனில் குளியலறைச் சுவரில் அதிகம். கூட்டிப் பெருக்கினால் போதும். கொல்வதற்குப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பட்டுப் புடவையை அரிக்குமா? அந்துருண்டை போடலாமா?

துணி அந்தின் புழுவுக்கு முடியும் கம்பளியும் இறகும்தான் முதல் விருப்பம். பட்டையும் கடிக்கும், முக்கியமாக வியர்வையோ எண்ணெயோ சாம்பார்க் கறையோ பட்ட இடத்தை. சுத்தமான பருத்தியை ஏறக்குறைய விட்டுவிடும். கஞ்சி போட்ட பருத்திப் புடவையில் ஓட்டை என்றால் சந்தேகம் வெள்ளிப்பூச்சி மேல் போக வேண்டும். ஆக, கல்யாணத்துக்குக் கட்டிய புடவையைக் கறையோடு மடித்து வைக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து உதறி நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றுங்கள். அந்துக்கு இருட்டும் அமைதியும் வேண்டும், உதறல் பிடிக்காது.

அந்துருண்டை விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவள். அதிலுள்ள நாப்தலீனின் ஆவி, ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், மஞ்சள் காமாலை வரும். அந்துருண்டை போட்டு வைத்த பழைய போர்வையில் பச்சைக் குழந்தையைச் சுற்றாதீர்கள். குட்டிப் பிள்ளைகள் மிட்டாய் என்று வாயில் போடும் ஆபத்தும் உண்டு.

விளக்கில் வந்து ஏன் விழுகிறது?

நிலாவைப் பார்த்து வழி கண்டுபிடிக்கிறது, விளக்கை நிலா என்று ஏமாறுகிறது என்றுதான் நானும் வகுப்பில் பல வருடம் சொன்னேன். 2024 ஜனவரியில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு அதைத் திருத்திவிட்டது. அதிவேகக் கேமராவால் விளக்கருகே பறக்கும் பூச்சிகளைப் படமெடுத்தார்கள், கோஸ்டாரிகா காட்டிலும் ஆய்வகத்திலும். பூச்சி விளக்கை நோக்கிப் பறக்கவே இல்லை. விளக்குக்கு முதுகைக் காட்டிப் பறந்தது. ராத்திரியிலும் வானம் தரையைவிடக் கொஞ்சம் வெளிச்சம். வெளிச்சம் உள்ள பக்கம் மேலே, அந்தப் பக்கம் முதுகு என்பது பூச்சிக்குக் கோடிக்கணக்கான வருடப் பழக்கம். பக்கவாட்டில் ஒரு பல்பு எரிந்தால் முதுகை அதற்குத் திருப்பும், உடம்பு சாயும், பாதை வளையும், சுற்றிச் சுற்றி வரும். எல்லாப் பூச்சியும் அப்படி மாட்டுவதில்லை. அரளிச் செடியில் வளரும் பெரிய பருந்து அந்து விளக்கைக் கடந்து போனதையும் அவர்கள் பதிவு செய்தார்கள்.

லோட் ஷெடிங் என்கிற மின்வெட்டு இருந்த ஒரு ராத்திரி சார்ஜ் விளக்கைத் தரையில் மேல்நோக்கி வைத்துப் பார்த்தேன். மேலே பறந்து வந்த பூச்சிகள் சில தலைகீழாகப் புரண்டு பொத்தென்று விழுந்தன. நம்புவதற்கு அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. வராந்தாவுக்கு மஞ்சள் நிற பல்பு போடுங்கள், வருகை குறையும். நீலமும் புற ஊதாவும் கலந்த வெள்ளை விளக்குதான் அதிகம் குழப்பும்.

வௌவாலிடமிருந்து எப்படித் தப்பிக்கிறது?

காதால். பல அந்துகளுக்குக் காது உண்டு, தலையில் இல்லை. சிலவற்றுக்கு மார்பில், மாவு அந்தின் குடும்பத்துக்கு வயிற்றின் தொடக்கத்தில். வௌவாலின் கிறீச்சொலி நமக்குக் கேட்காது, இவற்றுக்குக் கேட்கும். கேட்டதும் இறக்கையை மடித்துக் கல் மாதிரி விழும், அல்லது தாறுமாறாகத் திரும்பும். தேன்கூட்டை அழிக்கும் மெழுகு அந்து 300 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கிறது என்று 2013இல் அளந்தார்கள். நம் காது 20இல் நின்றுவிடும்.

அதன் தூள் கண்ணில் பட்டால் பார்வை போகுமா?

போகாது. அந்தத் தூள் செதில்கள், தட்டையாகிவிட்ட முடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலந்தி வலையில் சிக்கினால் செதிலை உதிர்த்துவிட்டு நழுவ அது உதவும். கண் உறுத்தினால் தண்ணீரில் கழுவுங்கள்.

எங்கள் தாத்தா காலத்துக் கரும்பில் ‘எல்டானா’ என்றார்களே, அதுவும் இதுதானா?

அதுவும் ராத்திரி அந்துதான். மங்கிய பழுப்பு நிறம், இறக்கையை மடித்தால் காய்ந்த சோகைத் துண்டு. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து நம்மவர்களைக் கொண்டுவந்து இறக்கியது கரும்புக்காக. எல்டானா நாம் கொண்டுவந்தது இல்லை, கரும்போடு வந்ததும் இல்லை. ஆப்பிரிக்காவின் சொந்தப் பூச்சி. ஆற்றோரக் கோரையிலும் பாப்பிரஸிலும் தன்பாட்டுக்கு வாழ்ந்தது, பக்கத்திலேயே மைல் கணக்கில் இனிப்புத் தட்டை நட்டுவைத்ததும் மாறிவிட்டது. இந்த நாட்டுக் கரும்பில் 1939இல் உம்ஃபொலோசிப் பக்கம் முதல் பெரிய தாக்குதல். பிறகு அடங்கி, 1970இல் ஹ்லுஹ்லுவே பக்கம் மறுபடி கிளம்பியது, அதற்கப்புறம் போகவே இல்லை.

ஆண்பூச்சிகள் இரவில் கூட்டமாகக் கூடி இறக்கையை அடித்து மணமும் ஒலியும் விட்டுப் பெண்ணை அழைக்கும். இங்கே அழைப்பது ஆண், மாவு அந்துக்கு நேர் எதிர். பெண் முட்டையை மறைவிடத்தில் வைக்கும். காய்ந்த சோகையின் இடுக்குதான் அதற்கு மிகவும் பிடித்த இடம். புழு சில நாள் தட்டையின் வெளிப்பக்கம் மேய்ந்துவிட்டு உள்ளே துளைக்கும். துளை வாயில் மரத்தூள் மாதிரி கழிவு தள்ளியிருக்கும். தட்டையை நெடுக்கில் பிளந்தால் குடைந்த வழி நெடுகச் சிவந்து கிடக்கும், அது கூடவே நுழைந்த பூஞ்சணம். உள்ளே போன புழுவை மருந்து தொடாது. அதனால்தான் சோகை உரிப்பதும், வறட்சியில் வாடிய கரும்பையும் முதிர்ந்த கரும்பையும் வயலில் விட்டுவைக்காமல் வெட்டுவதும், உரத்தில் தழைச்சத்தை அளவோடு வைப்பதும்.

நம் மாரியம்மன் கோயில் இருக்கும் அதே மவுண்ட் எட்ஜ்கம்பில்தான் கரும்பு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது, 1925இலிருந்து. தள்ளி இழுக்கும் முறை என்று ஒன்றை அங்கே சொல்கிறார்கள். கரும்புக்கு நடுவே மெலினிஸ் புல்லை நட்டால் அதன் வாடை அந்தை விரட்டும், ஒட்டுண்ணிக் குளவியை அழைக்கும். ஈரமான ஓரங்களில் அதன் பழைய வீடான கோரையையே வளர்த்தால் அங்கே போய் முட்டையிடும். பூச்சியோடு சண்டை போடாமல் ஊருக்குத் திருப்பி அனுப்புகிற இந்த யோசனை எனக்குப் பிடிக்கும்.

தமிழ்நாட்டில் என் மாமா இடைக்கணுப் புழு என்கிறார். இரண்டும் ஒன்றா?

இல்லை, அது கைலோ என்ற வேறு இனம். மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் உண்டு, மொசாம்பிக்கிலும் 1990களின் இறுதியில் கண்டுபிடித்தார்கள். ஆகவே ஊரிலிருந்து வருகிறவர் யாரும் நாற்றுக்கென்று கரும்புக் கரணையைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவராதீர்கள். அங்கே அந்தப் புழுவைக் கட்டுப்படுத்த டிரைக்கோகிரம்மா என்ற குட்டிக் குளவியை அட்டையில் ஒட்டி வயலில் கட்டுவார்கள். அந்தக் குளவியை எதில் வளர்க்கிறார்கள் தெரியுமா? நம் அரிசிப் பானையின் எதிரியான அரிசி அந்தின் முட்டையில். ஆய்வுக்கூடத்தில் தட்டுத் தட்டாகக் கம்பு போட்டு அந்தை வளர்க்கிறார்கள்.

கொய்யாவில் இருக்கும் புழுவும் அந்தா?

இரண்டு வகை உண்டு. தலையும் காலும் தெரிந்து இளஞ்சிவப்பாக இருந்தால் அந்துப் புழு, ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள் பயப்படும் அதே இனமாக இருக்கலாம். தலையும் காலும் தெரியாமல் வெள்ளையாகத் துள்ளினால் பழ ஈயின் புழு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்று. விழுந்த பழத்தை வாராவாரம் பொறுக்கிக் கறுப்புப் பையில் கட்டி வெயிலில் போடுங்கள். விட்டால் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிவிடும்.

வீட்டுக்குள் வரும் விட்டிலைக் கொல்லக்கூடாது, இறந்தவர்கள் வருகிறார்கள் என்பார்களே?

என் ஆயாவும் அப்படித்தான். தாத்தா காரியம் முடிவதற்குள் ஒரு பழுப்பு விட்டில் கூடத்தில் வந்து படத்தின் மேல் உட்கார்ந்தது. ஆயா விளக்கைத் தணித்துவிட்டு எங்களை எல்லாம் பேசாமல் உட்கார வைத்தாள். உயிரியல் படித்தவள் என்றாலும் அந்த ராத்திரி நானும் எழுந்திருக்கவில்லை. இன்றும் வீட்டுக்குள் வரும் பெரிய விட்டிலைக் கிண்ணத்தால் மூடி, அடியில் அட்டை செருகி வெளியேதான் விடுகிறேன்.

ஆனால் அரிசியில் வரும் அந்துக்கு ஆயா அந்த மரியாதை தந்ததில்லை, முறத்தில் போட்டுப் புடைத்துக் கோழிக்கு வீசுவாள். “ஆயா, இதுவும் தாத்தாதானே?” என்று ஒருநாள் கேட்டேன். முறத்தை நிறுத்தாமல் சொன்னாள்: “இது உங்க தாத்தாவோட தம்பி. சொல்லாமக் கொள்ளாம வருவான், சாப்பாட்டு நேரத்துக்கு.”